நன்றியிலே மறைந்த செருக்கு

செருக்குடையோரைக் கதையிலே படைத்துக் காட்டுதல் எளிது. செல்வனொருவன் ஏழையை எள்ளி நகைப்பான், ஈற்றிலே தானும் வீழ்வான், வாசகரும் மகிழ்வர். இத்தகைய கதைகளை நாம் வேண்டிய மட்டும் படித்துவிட்டோம். ஒழுக்கமும் உழைப்பும் கடவுட்பற்றும் உடைய ஒருவரின் உள்ளத்திலே குடிகொண்ட செருக்கைக் காட்டுதலோ அரிது. அமெரிக்க எழுத்தாளர் பிளானறி ஓகோனர் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘றெவலேஷன்’ என்னும் சிறுகதை அதனைச் செய்கின்றது.

அமெரிக்காவின் தென்பகுதியில், ஒரு வைத்தியரின் காத்திருப்பு அறையிலே கதை தொடங்குகின்றது. பண்ணை வைத்திருக்கும் திருமதி டேர்பின், பசு உதைத்துக் காலிற் புண்பட்ட கணவனுடன் வந்து அமர்கின்றாள். எல்லோருடனும் இன்முகத்தோடு பேசுகின்றாள்; அதே வேளையில் எவர் எத்தகைய பாதரட்சை அணிந்துள்ளார் என்பதையும் கண்ணால் அளந்துகொள்கின்றாள்.

உறக்கம் வராத இரவுகளில் மனிதரைப் படிமுறையாக வகுத்துப் பார்ப்பது அவள் வழக்கம். அடியிலே கறுப்பின மக்கள், அவர்க்கு அருகே வறிய வெள்ளையர், மேலே வீடுடையோர், அதற்கும் மேலே, தன்னைப் போல வீடும் நிலமும் உடையோர். ஆனால் நிலமும் செல்வமும் உடைய கறுப்பினப் பல்வைத்தியர் ஒருவரும் அவ்வூரில் உளர். அவரை எங்கே வைப்பது? கணக்குக் குழம்புகின்றது. குழம்பியபடியே உறங்கும் அவள் கனவில், அத்தனை பேரும் புகைவண்டிப் பெட்டியொன்றில் அடைக்கப்பட்டு, நச்சுவாயு உலைக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். இவ்விடத்தை வேடிக்கையென்று கடந்து செல்லும் மாணவர் சற்று நின்று வாசித்தல் வேண்டும். ஹிட்லரின் கொலைக்கூடங்கள் மூடப்பட்டு அப்போது இருபது ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. தீங்கேதும் கருதாத ஒரு குடும்பப் பெண்ணின் பட்டியல் எங்கே போய் முடிகின்றதென்பதை ஆசிரியர் ஒரே கனவிற் காட்டிவிடுகின்றார்.

தன்னைத் தானாகவே படைத்தமைக்கு அவள் வாய்விட்டு இறைவனுக்கு நன்றி கூறும் வேளையில், எதிரேயிருந்த கல்லூரி மாணவி எறிந்த தடித்த நூலொன்று அவளுடைய இடக்கண்ணின் மேலே தாக்குகின்றது. அது மனித வளர்ச்சி பற்றிய நூல் என்பது ஆசிரியரின் குறும்பு! நரகத்துப் பன்றியென அவளைப் பழித்து, அங்கேயே மீளுமாறு அப்பெண் கூறுகின்றாள். அடியைவிடச் சொல்லே அவளை வருத்துகின்றது. அச்சொல்லுக்கு உரியவரென அவள் கருதும் பிறர் அறையில் இருக்க, தன்னிடம் அது வந்ததேன்? பண்ணையில் வேலை செய்யும் கறுப்பினப் பெண்கள் கூறும் ஆறுதல் வெறும் முகமன் என்பதையும் அவள் அறிவாள். ஈற்றிலே பன்றித் தொழுவத்தில் நின்று, நீ யாரென்று எண்ணிக்கொண்டாய் எனக் கடவுளையே அதட்டுகின்றாள். அக்கேள்வி எதிரொலியாய் அவளிடமே திரும்புகின்றது.

மாலை வானிலே அவள் காணும் காட்சியில், ஆன்மாக்கள் விண்ணேறிச் செல்கின்றன. அவள் இகழ்ந்தோர் முன்னே துள்ளிச் செல்ல, அவளைப் போன்றோர் ஒழுங்கு குலையாமல் இறுதியில் வருகின்றனர். அவர்தம் நற்குணங்களும் எரிந்து போகின்றன. அந்நற்குணங்கள் போலியானவை என்று ஆசிரியர் எங்கும் கூறவில்லை. எமது எண்ணத்தில் கதையின் உயிர் அதுவே. அவளை வெறுக்கவும் அவர் எமக்கு இடமளிக்கவில்லை. வெறுத்தால், அவளுடைய பட்டியலில் அவளையே அடியில் வைத்தவர்களாவோம்.

கதை வெளிவந்த அதே ஆண்டு ஆகஸ்டில், நெடுங்கால நோயினால் ஓகோனர் தமது 39ஆவது வயதிலே மறைந்தார். திருமதி டேர்பின் மனந்திருந்தினாளா என்பதை அவர் எழுதவில்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, இருளும் பாதையிலே அவள் மெல்ல வீடு நோக்கி நடக்கின்றாள்.