அறியா மொழியில் இடும் கையொப்பம் அடிமைமுறியே!

தமிழ் மக்களே!

மாமல்லபுரத்திற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது நெம்மேலி. சுற்றுலா வருவோரை ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம் எனக் கருதி, அப்பக்கத்து இளைஞர் மகிழுந்து வாங்கப் போகின்றனர். விலையைக் கேட்கின்றனர், நிறத்தைக் கேட்கின்றனர், திங்கள் தவணையைக் கேட்கின்றனர். பின்னர் ஒரு கட்டுத் தாள் முன்னே வைக்கப்பெறுகிறது. அத்தனையும் ஆங்கிலம்! விற்பனையாளர் விரல் காட்டிய இடத்திலெல்லாம் தமிழன் கையொப்பமிடுகிறான்.

அக்கட்டின் ஈற்றில் பெரும்பாலும் ஓர் உறுதிமொழி இருக்கும். 'இவ்வாவணம் எனக்குத் தெரிந்த மொழியில் படித்து விளக்கப்பெற்றது. உணர்ந்து ஒப்பினேன்' என்பது அதன் பொருள். தமிழில் விளக்கியதாகக் கூறும் அவ்வுறுதிமொழியும் ஆங்கிலத்திலேயே இருக்கும்! இதனினும் பெரிய எள்ளல் உண்டா?

அத்தாள்களில் அடங்கியுள்ளவை யாவை? வண்டி குத்தகையாயின் அது நிறுவனத்தின் உடைமை. ஆவணம் வேறு கூறினாலன்றிக் காலம் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். தவணைக் கொள்முதலாயின் கடைசித் தவணை தீரும்வரை அது உனதன்று. அடைமானமாயின் வண்டி உனது. கடன் தீரும்வரை அஃது ஈடு. 1988ஆம் ஆண்டு இயங்கூர்திச் சட்டத்தின் 51ஆம் பிரிவுப்படி இவை பதிவுச் சான்றில் குறிக்கப்பெறும். மூன்றுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு! 'இலீசு' என்றும் 'ஐப்பாத்திக்கேசன்' என்றும் மிழற்றிவிட்டால் நெம்மேலி இளைஞனுக்கு என்ன விளங்கும்?

கடனைத் தீர்த்தவுடன் சான்றிலுள்ள குறிப்புத் தானே அழிந்துவிடும் எனப் பலர் நம்புகின்றனர். அழியாது. நிறுவனமும் ஒப்பமிட்ட 35ஆம் படிவத்தைக் கொடுத்தே நீக்கவேண்டும். 29, 30ஆம் படிவங்கள் உடைமை மாற்றத்திற்கு உரியவை. அவற்றில் வெறுமையாய்க் கையொப்பமிடுதல், வண்டியைத் தன் கையாலேயே பிறர்க்கு எழுதிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். நட்புக்காகப் பிணை நிற்போனும் அறிக! 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஒப்பந்தம் வேறு கூறினாலன்றி, கடனாளியின் பொறுப்பு முழுவதையும் பிணையாளி தலையிலும் வைக்கிறது.

'சட்டமொழி ஆங்கிலம், தமிழில் எழுதினால் பொருள் திரியும்' என்பர் சிலர். பல்லவர் செப்பேடுகளைப் பாருங்கள்! முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேட்டில் அரசர் புகழ் வடமொழியில் உள்ளது; கொடையின் நடைமுறைச் செய்திகளோ தமிழில் உள்ளன. புகழுரை எவர்க்கும் விளங்காவிடினும் கேடில்லை. எல்லையும் கடமையும் விளங்காவிடின் ஊரே கெடும். 1,300 ஆண்டுகளுக்கு முன்னரே நிலவுரிமையைத் தாங்கிய தமிழால், இன்று ஒரு மகிழுந்தின் தவணைக் கணக்கைத் தாங்க முடியாதா?

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. ஒரே பொருளை ஒரே கருத்தில் இருவரும் ஏற்பதே இசைவு என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. கடனாளியோடு வட்டார மொழியிலோ அவர் அறிந்த மொழியிலோ தொடர்பு கொள்ளவேண்டும் என்று நிதி நிறுவனங்களுக்கு இரிசர்வு வங்கி விதித்துள்ளது. ஒப்பந்தப் படியையும் இணைப்புகளையும் கடனாளிக்குக் கொடுக்கவேண்டும் என்பதும் அவ்விதியே. 2024 அக்டோபர் 1 முதல், கடனின் முதன்மை உண்மைகளைக் காட்டும் அறிக்கையைக் கடன் பெறுவோர்க்கு விளங்கும் மொழியில் தந்து விளக்கவேண்டும். வட்டியோடு பிற கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விழுக்காடு அதில் இருத்தல் வேண்டும். அதில் குறிக்காத கட்டணத்தை உன் வெளிப்படையான இசைவின்றி வாங்கலாகாது. ஆட்டோ, மகிழுந்து போன்ற நெடுநாட் கடன்களுக்கு அவ்வறிக்கை குறைந்தது மூன்று வேலைநாள் செல்லும். வீட்டிற்கு எடுத்துச் சென்று எண்ணிப் பார்க்கலாம். விதி இருக்கிறது, கேட்கும் வாய்தான் இல்லை!

தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரமும், அவர் பெயர் தாங்கிய மறைமலைநகரும், நெம்மேலியும் இன்று ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ளன. அம்மறைமலைநகரில் 2022 வரை போர்டு நிறுவனம் மகிழுந்து செய்தது. வண்டி செய்த கைகள் தமிழ்க் கைகள்; வாங்கும் பணம் தமிழர் உழைப்பு; தாள் மட்டும் ஏன் ஆங்கிலம்?

ஆகவே தோழர்களே, உறுதி பூணுங்கள்! தமிழில் அறிக்கை தராத இடத்தில் கையொப்பமிடாதீர். வெற்றுப் படிவத்தைத் தொடாதீர். குத்தகையா, தவணைக் கொள்முதலா, அடைமானமா என எழுத்தில் கேளுங்கள். ஒப்பமிட்ட ஒவ்வொரு தாளுக்கும் படி வாங்குங்கள். விளக்கப்பெறாத ஒன்றை விளக்கப்பெற்றதாக எழுதித் தராதீர். கடன் தீர்ந்த அன்றே தடையின்மைச் சான்றும் 35ஆம் படிவமும் கேட்டுப் பெறுங்கள்.

நெம்மேலியில் ஒருவன் 'தமிழில் தாருங்கள்' என்றால் நகைப்பர்; பத்துப்பேர் கேட்டால் தயங்குவர்; நூறுபேர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தால், மறுநாளே தமிழில் அச்சிடுவர்!