தடை போட்டால் மட்டும் போதுமா?

பொலித்தீன் என்றால் நம் அரசாங்கத்துக்குத் தெரிந்தது தடைதான். 2017 செப்டம்பரில் லஞ்ச் ஷீட்டைத் தடுத்தார்கள். 2021இல் சின்னச் சஷே பக்கெற்றுகளை. சோதனையும் அபராதமும் கடைக்காரன் தலையில்.

பிரிட்டன் உற்பத்தியாளரைப் பிடித்தது. 2022 ஏப்ரல் முதல், மீள்சுழற்சிப் பிளாஸ்டிக் 30 சதவீதத்துக்குக் குறைந்த பொதிகளுக்கு வரி. தொடக்கத்தில் தொன்னுக்கு 200 பவுண்; பிறகு கூட்டினார்கள். இறக்குமதியாகும் பொதிக்கும் உண்டு. ஆகவே, இங்கிருந்து பிளாஸ்டிக் பையில் சரக்கு அனுப்புபவர்களே, கவனம்! வருடத்துக்கு 10 தொன்னுக்குக் குறைந்தவர்களுக்கு வரி இல்லை. எனக்குப் பிடித்தது இதுதான்.

எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிந்துவிடும். பழையதை அரைத்து விற்பவனின் மூடைகள் தேங்கும். அவனுக்கு வேண்டியது பாராட்டுச் சான்றிதழல்ல, வாங்குவதற்கு ஆள். அந்த ஆளை வரி கொண்டுவருகிறது. நமது நிதியமைச்சும் இதைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கட்டும்.