விருந்தினர் அல்லர், வீட்டுக்காரர்!

நோன்புப் பெருநாள் வந்தால் யாழ்ப்பாணத்தில் மேடை எழுகிறது. தைப்பொங்கல் வந்தாலும் எழுகிறது. குருக்களும் மௌலவியும் அருகருகே அமர, அரசியல்வாதி நடுவே நின்று நல்லிணக்கம் பேச, எல்லோரும் ஒரே பந்தியில் உண்டு கலைகின்றனர். மறுநாள் படம் வெளியாகிறது. அந்தப் பந்தியில் உண்ட முஸ்லிம் அன்பர்களில் எத்தனை பேர் அன்றிரவு இம்மண்ணிலே தமது சொந்த வீட்டில் உறங்கினர்? எத்தனை பேர் புத்தளத்துக்குப் பஸ் ஏறினர்? இந்தக் கேள்வியை எழுப்பாத விருந்து விருந்தன்று, வேடிக்கை!

1990க்கு முன்னர் இத்தகைய மேடைகள் நமக்குத் தேவைப்படவில்லை. பெருநாளன்று சோனகதெருவிலிருந்து வட்டிலப்பம் அயலுக்குச் சென்றது. பொங்கலன்று புக்கை அங்கு சென்றது. மாமிசம் தீண்டாத சைவ நண்பருக்கெனப் புதுச் சட்டியில் மரக்கறி சமைத்த இல்லங்கள் அங்கிருந்தன. இரும்புக் கடையிலும் தையற் கடையிலும் தொடங்கிய பழக்கம் குடும்ப உறவாக முதிர்ந்தது. 1950களில் எம். எம். சுல்தான் என்னும் முஸ்லிம் பெருமகன் யாழ். மாநகர முதல்வராக விளங்கினார். கசப்பே இருந்ததில்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் அழைப்பதற்கு இரு சாராருக்கும் வீடு இருந்தது. உறவின் அடிப்படை அதுவன்றோ?

1990 ஒக்டோபர் 30ஆம் நாள் அந்த அடிப்படை தகர்ந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒஸ்மானியாக் கல்லூரியை அடுத்த ஜின்னா மைதானத்துக்கு மக்களை வரவழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். நகையும் பணமும் வழியிலே பறிக்கப்பட்டன. வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் அந்நாட்களில் துரத்தப்பட்டனர். அடுப்பில் ஏற்றிய உலையை இறக்கவும் அவகாசமின்றிப் போன குடும்பங்கள் அவை.

“அது ஆயுதம் தாங்கியோர் செய்தது, மக்கள் என்ன செய்வர்?” என்று கேட்போர் உளர். கட்டளை மக்களுடையதன்று என்பது உண்மை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கமே அதனை அரசியல் தவறு என ஒப்புக்கொண்டார். ஆனால் 2009க்குப் பின் அத்துப்பாக்கி இல்லை. அதன் பின்னும் ஒரு சிறு பகுதியினரே மீண்டு வாழ முடிந்ததற்கு எந்த இயக்கத்தைக் குறை கூறுவது?

சட்டத்தை நோக்குவோம். பிறர் காணியைப் பத்தாண்டுகள் இடையீடின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோர நம் நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. போரால் துரத்தப்பட்டவனுக்கு இது அநீதி என்று உணர்ந்தே, 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்காதிருக்க 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. நல்ல சட்டம், ஆனால் வழக்கிட அது தந்த காலம் இரண்டே ஆண்டுகள். முகாமில் பசித்திருந்தபோது வந்த விலைக்குக் காணியை விற்றவனுக்கு அதில் பரிகாரமில்லை. வாடகை வீட்டில் வாழ்ந்தவனுக்கும் இல்லை. அன்று ஒரு வீட்டிலிருந்து போன ஒரு குடும்பம் இன்று மூன்று குடும்பங்கள். மூன்றாவது குடும்பத்துக்கு உறுதி ஏது?

வலிகாமம் வடக்கு விவசாயப் பெருமக்களே! நீங்களும் அதே 1990இல் துரத்தப்பட்டவர்கள். பலாலியின் செம்மண்ணை முள்வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவர்கள். மயிலிட்டித் துறைமுகம் மீள 2017 வரை காத்திருந்தவர்கள். “ஆண்டுகள் கழிந்தன, வேறிடத்தில் வேரூன்றிவிட்டீர்கள், இனி எதற்குக் காணி?” என்று இராணுவ அதிகாரி கேட்டால் நம் குருதி கொதிக்காதா? அதே வார்த்தையைச் சோனகதெரு மகனிடம் நாம் சொல்லலாமா? இடம்பெயர்ந்தோர் தம் இல்லம் திரும்பவும் சொத்தை மீளப்பெறவும் ஆவன செய்வது ஆள்வோர் கடமை என 1998ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வழிகாட்டிக் கோட்பாடுகள் உரைக்கின்றன. நம் உறுதிக்கு ஒரு நீதி, அவர் உறுதிக்கு வேறு நீதி என்று எந்த மன்றில் வாதிடுவது? “தமிழ் பேசும் மக்கள்” என்று மேடைதோறும் முழங்கிய அரசியலுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவு. சட்டத்தரணிகள் கட்டணமின்றி அவர்தம் உறுதிகளை ஆராய்ந்து உரிமையை நிலைநாட்டட்டும். குறைந்த விலைக்கு வாங்கியோர் நடுவர் முன் அமர்ந்து நியாயமான தீர்வுக்கு இணங்கட்டும். காணியற்ற குடும்பங்களுக்கு அரச காணி ஒதுக்குமாறு நம் பிரதிநிதிகள் சபைதோறும் குரல் எழுப்பட்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன மரபு நம்முடையது. உப்பிட்டவனின் அடுப்பு அணைந்து கிடக்க, அவனையே நம் பந்திக்கு அழைத்துப் பாயசம் பரிமாறுவது நினைவாகாது. யாழ்ப்பாணத்து முஸ்லிம் நம் விருந்தாளி அல்லன்; இம்மண்ணின் வீட்டுக்காரன். அவன் அழைக்க நாம் செல்லும் பெருநாளே மெய்யான பெருநாள். அதுவரை மேடை விருந்துகளை நிறுத்துங்கள்; வீட்டுக் கதவுகளைத் திறவுங்கள்!