ஆயுட்கால இலவசம் யாருடைய ஆயுள்?

“ஒருமுறை பணம் கொடுத்தால் போதும், ஆயுள் முழுவதும் எல்லாச் சானல்களும் இலவசம்” என்று விற்கப்படும் டிவி பாக்ஸை ஜோகூரின் பட்டணங்களிலும் தோட்டங்களிலும் நம்மவர் வாங்குகின்றனர். அது யாருடைய ஆயுள் என்று விற்பவனைக் கேட்டவர் உண்டா என்று நாம் கேட்கிறோம்.

அப்பெட்டிக்குள் படம் எதுவும் இல்லை. பிறர் ஒளிபரப்பைத் திருடி அனுப்பும் ஏதோ ஒரு சர்வருடன் இண்டர்நெட் வழியே அது இணைகிறது, அவ்வளவே. சர்வர் மூடப்பட்ட அன்றே பெட்டியின் ஆயுளும் முடிந்தது. பலிக்காத தாயத்தை விற்றவனைத் தேடிப் பிடித்தவர் உண்டா? இவனையும் அப்படித்தான் தேடவேண்டும்!

2022 மார்ச் 18 முதல் அமுலிலுள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, இத்தகைய திருட்டுப் பெட்டியை விற்பவனுக்கு 10,000 ரிங்கிட் முதல் 2,00,000 ரிங்கிட் வரை அபராதமோ, 20 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். இவ்வளவுக்கும் துணிந்தவன் நம்மீது கொண்ட அன்பினாலா விற்கிறான்? மேலும், இவ்வகைப் பெட்டிகள் சிலவற்றில் விஷமப் புரோகிராம்கள் முன்கூட்டியே புகுத்தப்பட்டிருப்பதாகவும், வீட்டு இண்டர்நெட்டைக் குற்றவாளிகள் தம் காரியங்களுக்கு உபயோகிப்பதாகவும் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது. வீட்டுச் சாவியையே அன்னியனிடம் கொடுத்துவிட்டு, படம் இலவசம் என்று மகிழ்வது அறிவுடைமையாகுமா?

“மாதச் சந்தா கட்ட வகையற்ற தொழிலாளி என்ன செய்வான்?” என்பார்கள். நியாயமான கேள்வியே. 1996-இல் வந்த ஆஸ்ட்ரோவில் பெரும்பாலான தமிழ்ச் சானல்கள் வேண்டுமானால் காசு என்பதே நிலை. 2019-இல் நிறுத்தப்பட்ட பழைய அனலாக் ஒளிபரப்புக்குப் பதிலாக வந்த மைடிவி டிகோடருக்கு மாதச் சந்தா இல்லை. டிவி 2-இன் தமிழ்ச் செய்தியை அதில் காணலாம். ஆனால் அங்கே தமிழுக்குக் கிடைக்கும் நேரம் யானைப் பசிக்குச் சோளப்பொரி! அதை அதிகமாக்கு என்று சர்க்காரைக் கேட்பதும், சந்தாவைக் குறை என்று கம்பெனியைக் கேட்பதும் நம் உரிமை. உரிமையைக் கேட்க வாய் திறவாமல், திருட்டுப் பெட்டியை நாடுவது வீரமன்று, சோம்பலே.

தான் சீவிய மரத்துப் பாலைப் பிறன் கொண்டுபோனால் தோட்டத் தொழிலாளி பொறுப்பானா? இந்நாட்டுத் தமிழ் நாடகத்தை எழுதியவனும் நடித்தவனும் விளக்குப் பிடித்தவனும் தொழிலாளிகளே. அவர்கள் கூலியைத் திருடும் பெட்டிக்கு நம் வீட்டில் இடமளியோம் என்று ஒவ்வொருவரும் உறுதி கொள்ள வேண்டும்.