மிச்சிகன் பல்கலைக்கழகக் காற்பந்து அணியின் 2008 பருவம்

மிச்சிகன் பல்கலைக்கழகக் காற்பந்து அணி ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரி அணிகளுள் மிகப் பழைமையானவற்றுள் ஒன்றாகும். 1879 முதல் ஆடிவரும் இவ்வணி, 2008 இல் புதிய தலைமைப் பயிற்றுநர் ரிச் ரொட்ரீகசின் கீழ் 12 ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்றது. 1967 க்குப் பின் வெற்றிகளை விடத் தோல்விகள் மிகுந்த முதற்பருவம் இதுவேயாகும். ஒரே பருவத்தில் ஒன்பது தோல்விகள் என்பது அணியின் வரலாற்றில் அதற்கு முன் நேராதது. பருவ இறுதியில் சிறந்த அணிகளுக்காக நடத்தப்படும் 'பவுல்' ஆட்டங்களில் 1975 முதல் 2007 வரை 33 பருவங்கள் தொடர்ந்து பங்கேற்ற தொடரும் அறுபட்டது.

இங்கு காற்பந்து எனப்படுவது அமெரிக்கக் காற்பந்தாகும். நீள்வட்டப் பந்தைப் பெரும்பாலும் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் இவ்விளையாட்டுக்கு இப்பெயர் எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விடயம்.

பின்னணி

முந்தைய பயிற்றுநர் லாயிட் கார் 13 பருவங்கள் பணியாற்றி 2007 பருவத்துடன் ஓய்வு பெற்றார். அவரது கடைசிப் பருவத்தின் முதல் ஆட்டத்தில், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த அப்பலாச்சியன் ஸ்டேட் அணி மிச்சிகனை 34–32 என வென்றது. அடுத்த வாரம் ஒரிகன் அணி 39–7 என வென்றது. இவ்விரு அணிகளும் ஆடியது 'ஸ்பிரெட்' எனப்படும் பரவல் தாக்குதல் முறையாகும். தம்மை வீழ்த்திய முறையின் முன்னோடிகளுள் ஒருவரையே மிச்சிகன் அடுத்த பயிற்றுநராக அழைத்ததில் வியப்பில்லை. மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துடனான ஒப்பந்தத்தை முறித்து ரொட்ரீகஸ் வந்தார். அதற்கான 40 இலட்சம் டாலர் இழப்பீட்டில் 25 இலட்சத்தை மிச்சிகனும் 15 இலட்சத்தை அவரும் ஏற்றனர்.

முறைக்கும் ஆட்களுக்கும் இடையிலான பொருத்தமின்மை

பரவல் முறையில் பந்தைப் பிடிக்கும் வீரர்கள் களத்தின் அகலம் முழுவதும் பரவி நிற்பர். எதிரணியின் தடுப்பும் அதற்கேற்ப விரியும். ஆட்டத்தை வழிநடத்தும் குவார்ட்டர்பேக், தடுக்கப்படாமல் விடப்பட்ட ஒரு தடுப்பு வீரரின் நகர்வைப் பார்த்து, பந்தை அருகிலுள்ளவரிடம் கொடுப்பதா தானே ஏந்தி ஓடுவதா என நொடிப்பொழுதில் முடிவு செய்வார். ஆகவே அவர் விரைந்து ஓடக்கூடியவராக இருத்தல் வேண்டும். காரின் அணியோ உயரமான, நின்ற இடத்திலிருந்து தொலைவுக்கு எறியக்கூடிய குவார்ட்டர்பேக்குகளுக்காகக் கட்டப்பட்டது. அவ்வகையினரான ரயன் மாலட், பயிற்றுநர் மாறியதும் ஆர்கன்சஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவிட்டார். சாட் ஹென், மைக் ஹார்ட், 2008 தேசியத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட ஜேக் லாங் ஆகியோரும் கல்லூரிக் காலத்தை முடித்து வெளியேறினர். எஞ்சிய ஸ்டீவன் திரெட், நிக் செரிடன் இருவருமே ஓட்டத்திற்குப் பெயர் பெற்றவர்கள் அல்லர்.

தாக்குதலின் தடுமாற்றத்தை இவ்வாறு விளக்கலாம். தடுப்பின் தோல்விக்கு இவ்விளக்கம் போதாது. பிராண்டன் கிரகாம் உள்ளிட்ட அனுபவமுள்ளோர் பலர் தடுப்பில் இருந்தனர். இருந்தும் பர்டியூ அணிக்கு எதிரான ஆட்டத்திற்கெனத் தடுப்பு அமைப்பு 3-3-5 என மாற்றப்பட்டது. அந்த ஆட்டத்தில் மிச்சிகன் 48 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. பருவம் முடிந்ததும் தடுப்புப் பயிற்றுநர் ஸ்காட் சேஃபர் விலகினார். இதன் பொறுப்பு தலைமைப் பயிற்றுநரையே சாரும்.

பருவத்தின் போக்கு

முதல் ஆட்டத்தில் யூட்டா 25–23 என வென்றது. அவ்வணி அப்பருவத்தில் எவரிடமும் தோற்காததால் இது இழிவான தோல்வியன்று. செப்டம்பர் 27 இல், மிச்சிகன் அரங்கின் 500 ஆவது ஆட்டத்தில், இடைவேளையில் 0–19 எனப் பின்தங்கியிருந்த அணி விஸ்கொன்சினை 27–25 என வென்றது. அக்டோபர் 11 இல் டொலீடோ அணி 13–10 என மிச்சிகனைத் தோற்கடித்தது. டொலீடோ சார்ந்த மிட்-அமெரிக்கன் கூட்டமைப்பின் அணியொன்றிடம் மிச்சிகன் தோற்றது அதுவே முதன்முறை. திரெட் எறிந்த பந்தை இடைமறித்த எதிரணியினர் 100 யார் ஓடிப் புள்ளி பெற்றனர். இறுதி நொடிகளில் சமன் செய்யக்கூடிய உதை இலக்குத் தவறியது. டொலீடோவும் அப்பருவத்தை 3–9 என்றே முடித்தது. கடைசி ஆட்டத்தில் ஒகையோ ஸ்டேட் 42–7 என வென்றது.

பின்விளைவுகள்

2009 இல் அணி 5–7 எனவும், 2010 இல் 7–6 எனவும் முடித்தது. 2010 இல் டெனார்ட் ராபின்சன் 1,702 யார் ஓடி, குவார்ட்டர்பேக்குகளுக்கான அன்றைய சாதனையை முறியடித்தார். உரிய ஆள் கிடைத்தபோது முறை செயற்பட்டது. தடுப்பு மட்டும் தேறவில்லை. சனவரி 5, 2011 அன்று ரொட்ரீகஸ் நீக்கப்பட்டார்.

இப்பருவத்தை மதிப்பிடும்போது அன்றைய விதிகளையும் கருத வேண்டும். பயிற்றுநர் இழப்பீடு செலுத்திவிட்டு உடனே வேறு கல்லூரியில் பணியேற்கலாம். மாணவ வீரரோ உயர்பிரிவுக் கல்லூரி மாறினால் ஓராண்டு ஆடாமல் இருத்தல் வேண்டும். மாலட் 2008 முழுவதும் அவ்வாறே இருந்தார். இதனால் புதிய பயிற்றுநர் பழைய ஆட்களுடனேயே தொடங்க நேர்ந்தது. 2021 இல் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. 2023 இல் 3–9 என முடித்த இந்தியானா, புதிய பயிற்றுநர் கர்ட் சிக்னெட்டி தம் பழைய கல்லூரியிலிருந்து பலரை அழைத்து வந்தபின், 2024 இல் 11–2 என முடித்தது. ஆயினும் 2023 இல் டியோன் சாண்டர்சின் கீழ் அணியை ஏறத்தாழ முற்றிலும் மாற்றிய கொலராடோ 4–8 என்றே முடித்தது. மிச்சிகன் 2023 பருவத்தில் 15–0 எனத் தேசிய வாகையானது. ரொட்ரீகஸ் 2024 திசம்பரில் மேற்கு வர்ஜீனியாவின் தலைமைப் பயிற்றுநராக மீண்டும் நியமிக்கப்பட்டார்.