அடித்தளத்தில் ஒரு மின்தந்தி

மேற்கத்தியச் செவ்வியல் இசையைப் பற்றிய பேச்சு எங்கு தொடங்கினாலும் அதன் எல்லைகளைப் பற்றிய வழக்கில் போய் முடிவதுண்டு. எந்த வாத்தியம் உள்ளே, எது வெளியே என்னும் அவ்வழக்கில் நெடுங்காலமாக வாசற்படியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது பேஸ் கிதார். ராக் இசைக்குப் பிறந்த வாத்தியம், மின்சாரம் இல்லையேல் ஊமை, சிம்பொனிக் குழுவில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இக்கேள்வியை எள்ளி ஒதுக்குவதற்கில்லை. ஆயினும் அதன் அடியில் கிடக்கும் வரலாற்று நினைவு மிகவும் குறுகியது என்பது என் எண்ணம்.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். லியோ ஃபெண்டர் 1951-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ப்ரிசிஷன் பேஸ்’ மூலமே இவ்வாத்தியம் பரவலாயிற்று. அதன் நான்கு தந்திகளுக்கும் டபுள் பேஸின் சுருதியே வைக்கப்பட்டது. மிகத் தாழ்ந்த தந்தி இரண்டிலும் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. இரண்டுக்குமே, தாளில் எழுதப்பட்டதற்கு ஒரு ஸ்தாயி கீழேதான் ஒலி எழும். காகிதத்தில் இவ்விரண்டும் உடன்பிறந்தவை. வேறுபாடு ஒலி பிறக்கும் கணத்தில் இருக்கிறது. எட்டுப் பேர் ஒருங்கே டபுள் பேஸை வில்லால் இழுக்கும்போது ஒலி மெல்லத் திரண்டு எழுந்து மற்ற வாத்தியங்களுக்குள் கரைந்துவிடுகிறது. பேஸ் கிதாரின் சுரமோ ஒரு புள்ளியாகத் தொடங்குகிறது. மரத்தின் வயிற்றிலிருந்து வராமல் ஒலிபெருக்கியிலிருந்து வருவதால் எளிதில் கரைவதுமில்லை. இந்தக் கரையாமையைத்தான் பலர் குறையாகச் சொல்கிறார்கள்.

ஆனால் மீட்டி எழுப்பும் அடிநாதம் இம்மரபுக்குப் புதிதா? 1607-இல் அரங்கேறிய மொண்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ இசை நாடகத்தின் அச்சுப் பிரதியில் வாத்தியங்களின் பட்டியல் ஒன்று உள்ளது. அதில் கிதாரோனே என்னும் நெடுங்கழுத்து வாத்தியமும் இடம்பெற்றிருக்கிறது. வில்லின்றி விரலால் மீட்டப்படுவது அது. பதினேழாம் நூற்றாண்டிலும், பாஹின் காலம் வரையிலும் இசையமைப்பாளர் அடிவரியை எழுதி அதன்மேல் எண்களைக் குறித்துவிடுவார். அதைச் செல்லோவும் ஹார்ப்சிகார்டும் வாசிப்பதா, பஸூனும் ஆர்கனும் வாசிப்பதா, லூட் வகை வாத்தியம் மீட்டுவதா என்பது பெரும்பாலும் இடத்தையும் ஆட்களையும் பொறுத்தது. அடித்தளம் என்பது அன்று ஒரு பணி. அப்பணி குறிப்பிட்ட சில வாத்தியங்களின் உரிமையாக இறுகியது பின்னாளில்தான். நாம் ‘என்றும் இருந்த மரபு’ என்று நினைப்பது அந்தப் பின்னாள் ஏற்பாட்டையே.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேஸ் கிதார் இம்மரபுக்குள் இருவேறு வழிகளில் நுழைந்தது. முதல் வழி, ராக் குழுவை அப்படியே தூக்கி ஆர்க்கெஸ்ட்ராவின் பக்கத்தில் வைப்பது. 1969 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் டீப் பர்ப்பிள் குழுவும் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் சேர்ந்து வாசித்த ஜான் லார்டின் ‘கான்செர்ட்டோ’ இதற்குப் புகழ்பெற்ற சான்று. துணிச்சலான முயற்சி, மறுப்பதற்கில்லை. எனினும் அதில் இரு தரப்பும் மாறி மாறிப் பேசுகின்றனவே தவிர, ஒன்று மற்றொன்றின் இலக்கணத்தைப் பெரிதும் மாற்றிவிடவில்லை. அதன் வழிவந்த ‘சிம்பொனிக் ராக்’ நிகழ்ச்சிகள் பலவற்றில் வயலின்கள் வெறும் அலங்காரத் தோரணமாகிவிட்டன.

இரண்டாவது வழி கடினமானது. வாத்தியத்தின் ‘அந்நியத்தன்மை’யையே பொருளாக்குவது அது. லியனர்ட் பெர்ன்ஸ்டைனின் ‘மாஸ்’ 1971-இல் வாஷிங்டனின் கென்னடி மையத் திறப்பு விழாவில் அரங்கேறியது. அதில் வயலின் முதலான தந்தி வாத்தியங்கள் மேடைக்குக் கீழே அமர்கின்றன. காற்று வாத்தியங்களும் மின் கிதார்களும் பேஸ் கிதாரும் மேடைமேல் வேடமணிந்து நாடகத்தின் மாந்தராகவே நிற்கின்றன. வழிபாட்டுச் சடங்கின் மொழியும் தெருவின் மொழியும் மோதும் படைப்பில் இந்த இடப்பங்கீடே ஒரு கருத்து.

ஷ்னிட்கேயின் ‘ரெக்வியம்’ (1975) இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. சோவியத் ஆட்சியில் இறந்தோருக்கான கிறித்தவத் திருப்பலி இசையை வெளிப்படையாக அரங்கேற்றுவது எளிதன்று. ஆகவே அது மாஸ்கோவில் ஷில்லரின் ‘டான் கார்லோஸ்’ நாடகத்துக்கான இசை என்னும் போர்வையில் வந்தது. அதில் வயலின் இல்லை, செல்லோ இல்லை, டபுள் பேஸும் இல்லை. பாடகர்களின் அடியில் ஆர்கனும் பியானோவும் தாள வாத்தியங்களும், ஒரு மின் கிதாரும், ஒரு பேஸ் கிதாரும். விசுவாசத்தை அறிக்கையிடும் பகுதியில் ராக் இசையின் டிரம்ஸ் புகும்போது, தடைசெய்யப்பட்ட நம்பிக்கையும் ஐயத்தோடு பார்க்கப்பட்ட இசையும் ஒரே குரலாகின்றன. இது கவர்ச்சிக்குச் சேர்த்த ஒலி அன்று.

டச்சு இசையமைப்பாளர் லூயிஸ் ஆண்ட்ரீஸன் 1976-இல் முடித்த ‘டெ ஸ்டாட்’ எனக்கு எல்லாவற்றினும் முதன்மையானது. பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில், இசைமுறைகள் மாறினால் அரசின் சட்டங்களே ஆட்டம் காணும் என்று அஞ்சி, சில இசைமுறைகளையும் சில வாத்தியங்களையும் விலக்கச் சொல்கிறார். அப்பகுதிகளைக் கிரேக்க மொழியிலேயே நான்கு பெண்குரல்கள் பாடுகின்றன. வழக்கமான ஆர்க்கெஸ்ட்ராவை வேண்டாமென்று துறந்தவர் ஆண்ட்ரீஸன். ஆகவே இதில் நான்கு வயோலாக்கள் உண்டு. டபுள் பேஸ் இருக்கவேண்டிய இடத்திலோ பேஸ் கிதார். விலக்கப்பட்ட வாத்தியங்களைப் பற்றிய பாட்டுக்கு, செவ்வியல் அரங்கம் விலக்கிய வாத்தியமே அடித்தளம்! இந்த முரணை விளக்கவுரை எதுவுமின்றிக் காது புரிந்துகொள்கிறது.

எதிர்வாதங்களுக்கும் நியாயமுண்டு. ஒலிபெருக்கி வந்தவுடன் ஒலிச்சமன் நடத்துநரின் கையிலிருந்து ஒலிப்பொறியாளரின் கைக்குப் போகிறது. தொலைவிலுள்ள அரங்கச் சுவர் அந்த அடிநாதத்தைக் குழப்பித் திருப்பி அனுப்பலாம். பேஸ் கிதார்க் கலைஞர் பொதுவாகக் குழுவின் நிரந்தர உறுப்பினர் அல்லர், ஒரு கச்சேரிக்காக அழைக்கப்படுபவர். இவை நடைமுறைச் சிக்கல்கள். இவற்றை அழகியல் தீர்ப்பாக உயர்த்துவதைத்தான் ஏற்க இயலவில்லை.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் வயலின் குழுவின் அடியில் பேஸ் கிதார் தாளத்துக்கு முட்டுக்கொடுப்பதோடு நில்லாமல், மெட்டோடு உரையாடும் மற்றொரு மெட்டாகவே நடந்து செல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற அவருக்கு, பாஹின் அடிவரிகள் எழுதும் முறையை இந்த மின்தந்தியில் ஏற்றுவது இயல்பாக வந்தது. மேலை அரங்குகள் தயங்கித் தயங்கிச் செய்ததை நம் தேநீர்க்கடை வானொலிகள் தயக்கமின்றி ஒலிபரப்பின. அதை நாம் ‘சினிமாப் பாட்டு’ என்று ஒதுக்கிவிட்டதால், கேட்டது இன்னதென்று அறியாமலே இருந்துவிட்டோம்.

உழவர் பேச்சையும் குறத்தியின் குரலையும் பள்ளும் குறவஞ்சியும் ஏந்தி வந்தபோது தமிழ் இலக்கியம் தாழ்ந்துவிடவில்லை. புதியது புகுந்தால் அது தன் இடத்தை உழைத்துப் பெறவேண்டும், அவ்வளவே. அந்த உழைப்பைப் பேஸ் கிதார் எங்கெங்கே செய்திருக்கிறதோ, அங்கெல்லாம் அதைச் செவ்வியல் வாத்தியம் என்றே சொல்வேன். ஐயமுள்ள நண்பர்கள் ‘டெ ஸ்டாட்’ படைப்பை ஒருமுறை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு மறுக்கட்டும். கைபேசியின் சிறிய ஒலிவாயில் அடித்தளம் கேட்காது.