காலில் அடிப்பது கோழைத்தனமா?

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு ஒன்றில் வீடியோ கேம் கடை ஒன்று இருந்தது. அதன் சுவரில் ஒட்டியிருந்த தாளில் இரண்டே விதிகள்: 'கடன் கிடையாது. எடியை எடுக்கக் கூடாது.' அண்மையில் நண்பர்கள் கூடியபோது, இரண்டாம் விதி நியாயமே என்றும் கீழே அடிப்பவன் ஆட்டக்காரனே அல்லன் என்றும் சிலர் வாதிட்டனர். நாங்கள் ஒப்பவில்லை.

எடி கோர்டோ, நாம்கோ நிறுவனம் 1997இல் வெளியிட்ட 'டெக்கன் 3' ஆட்டத்தில் அறிமுகமான பிரேசில் வீரன். அந்த ஆட்டத்தில் அடிகள் மூவகை. நின்று தடுப்பவன் மேலடியையும் நடுவடியையும் தாங்குவான். கீழடி அவன் காலை வாரிவிடும். குனிந்து தடுப்பவனைக் கீழடி ஒன்றும் செய்யாது, நடுவடி வீழ்த்தும். வாரிய கால் தடுக்கப்பட்டால் பெரும்பாலும் வாரியவனே காப்பின்றி நிற்பான். பொத்தான்களைக் கண்டபடி அமுக்கினாலே எடி வெல்வான் என்பது குற்றச்சாட்டு. உண்மைதான், ஆனால் குனியத் தெரியாதவனிடம் மட்டுமே வெல்வான்.

எதிர்த்தரப்பார் பாரதத்தைத் துணைக்கழைக்கின்றனர். அங்கே நிலைமை வேறு. கதாயுத்தத்தில் நாபிக்குக் கீழே அடிக்கலாகாது என்பது முன்பே இருந்த விதி. துரியோதனன் தொடையில் பீமன் அடித்தது விதிமீறல். ஆகவேதான் பலராமன் கலப்பையை ஓங்கினான். திரௌபதி அம்மன் கோயில்களில் மண்ணால் துரியோதனனைக் கிடத்திப் படுகளம் நடத்தும் நம் ஊரார்க்கும் அடி எங்கே விழுந்தது என்பது நன்கு தெரியும். டெக்கனிலோ விதியை வகுத்தவனே கீழடியையும் வைத்தான், அதற்குரிய தடுப்பையும் வைத்தான். இதில் மீறல் எங்கே?

எடியின் கலையான கப்போய்ரா, பிரேசிலில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க மக்களிடையே வளர்ந்தது. 1890ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. 2014இல் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்றது. தரையோடு தாழ்ந்து உதைப்பதை இழிவென்று சொல்வோர், தாம் எவர் பக்கம் நிற்கிறோம் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.

அந்தத் தாள் கடை திறந்த அன்றே ஒட்டப்பட்டதன்று. லேத் பட்டறையில் வேலை பார்த்த பையன் ஒருவன் ஷிஃப்ட் முடிந்து, கையில் கிரீஸ் மணக்க வருவான். எடியை எடுத்து, கடையின் பழைய ஆட்டக்காரர்களை ஒரு வாரம் தொடர்ந்து வென்றான். அதன் பிறகே இரண்டாம் விதி பிறந்தது. அவனும் வருவதை நிறுத்திக்கொண்டான். தோற்றவர்கள் தோல்விக்குப் பின் எழுதிய விதி அது. அதற்கு நேர்மை என்று பெயர் சூட்டுவதைத்தான் மறுக்கிறோம்.

இதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு முழுதாக இல்லை. தோற்றவர்களில் நாங்களும் இருந்தோம். கீழடியைத் தடுக்க ஒரு பொத்தானைக் கீழ்நோக்கி அழுத்தினால் போதும் என்பதை அவனிடம் கேட்டே கற்றிருக்கலாம். மாறாக, அந்தத் தாளை ஒட்டுவதற்குப் பசை வாங்கிக் கொடுத்தோம்.